மரப்பு ஊசியும் மலைப்பாதையும்

இடுப்புக்குக் கீழே அறுவை செய்ய எல்லார்க்கும் முழு மயக்கம் தேவையில்லை. முதுகுத் தண்டைச் சூழ்ந்த நீரில் சிறிதளவு மருந்தைச் செலுத்தினால் போதும். கால்கள் மரத்துவிடும், நோயாளி விழித்தே இருப்பார். 1898இல் செருமனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் கொக்கெய்னைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். இன்று மருந்துகள் பல. அவற்றுள் சிறந்தது எது?

லிக்னோகெய்ன் விரைந்து வேலை செய்யும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் விலகும். ஆயினும் அதைப் பெற்ற சிலருக்குப் பின்னர் ஓரிரு நாள் பிட்டத்திலும் தொடையிலும் வலி தோன்றுவதை 1993 முதல் மருத்துவர்கள் எழுதி வந்துள்ளனர். புப்பிவகெய்னில் அவ்வலி அரிது. இரண்டு மூன்று மணி நேரம் அது நிற்கும். அதனாலேயே கால் அசையவும் சிறுநீர் பிரியவும் நேரமாகும். குளோரோபுரோகெய்னோ 40 நிமிடத்துக்குள் முடியும் அறுவைக்கு உரியது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

அப்படியானால் அதுவே சிறந்தது என்பர் சிலர். நான் உடன்படேன். வீடு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டாமா? பொன்முடித் தேயிலைச் சரிவில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதில் 22 கொண்டை ஊசி வளைவுகள். மரப்பு விரைவில் விலகினால் வலியும் விரைவில் வரும். அந்த வலியோடு அவர் பேருந்தில் மலையேறுவதா? இரவில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் யாரிடம் ஓடுவது?

அதற்காக நெடுநேர மருந்தே எப்போதும் மேல் என்றும் சொல்வதற்கில்லை. ஒருநாள் கூடுதலாகத் தங்கினால், துணைக்கு வந்தவரின் கூலியும் போகும்.

அறுவையின் நேரத்தையும் நோயாளியின் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் மருந்தைத் தேர்கிறார். அவற்றோடு வீட்டுக்குப் போகும் வழியையும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. எங்கே போவீர்கள், எதில் போவீர்கள், உடன் யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். ஆனால் அவை நோயாளிக்குப் புரியும் மொழியில் கேட்கப்பட வேண்டும்.

நண்பர்களே, நமக்குத் தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். அக்கேள்விகளையும், வீட்டில் கவனிக்க வேண்டிய குறிகளையும் மருத்துவர் துணையோடு தமிழில் ஒரு தாளில் எழுதித் தருவது நம் மன்றத்தால் ஆகாத செயலா? இவ்வாண்டே தொடங்குவோம்.