தண்ணீர் கேட்காத மஞ்சள் பூ... ஆவாரையை வேலியோரம் வளர்க்கலாமே!

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல் பக்கம் போகிறவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சரளை மண், சுட்டெரிக்கும் வெயில், பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ! அதுதான் ஆவாரை.

போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, சிறுபீளையோடு இந்தப் பூவைத் தேடும் ஊர்கள் பல. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களின் பட்டியலிலும் ஆவிரை என்ற பெயரில் இது இருக்கிறது. தெலங்கானாவுக்கோ இதுதான் மாநில மலர். பதுகம்மா பண்டிகையில் அங்கே பூ அடுக்குவது ஆவாரை இல்லாமல் நடக்காது.

தோல் பதனிட்ட பட்டை

ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் தோல் பதனிடும் தொழிலே ஆவாரம் பட்டையை நம்பித்தான் நடந்தது. பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்துதான் காரணம். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும், அதன்பின் குரோமிய உப்பும் வந்தன. ஆவாரை மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

இன்று மவுசு பூவுக்குத்தான். நிழலில் காயவைத்த பூ, டீத்தூள், குளியல் பொடி எனக் கடைக்குக் கடை விற்கிறது. ஆனால், இதில் பெரும்பகுதி பயிரிட்டு எடுப்பதல்ல. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் பறிப்பது. வண்டிப் புகை படிந்த பூவும் அதில் சேரும். பூவுக்காகக் கிளையையே ஒடித்துப் போனால், அடுத்த வருஷத்துக்கு விதையும் மிஞ்சாது.

எப்படி வளர்ப்பது?

வானம் பார்த்த பூமி அதிகமுள்ள புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஏற்ற செடி இது. வேலியோரம், வரப்பு, தரிசு என எங்கும் வரும். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டாம்.

* நன்றாக முற்றிக் காய்ந்த காயிலிருந்து விதை எடுக்க வேண்டும்.
* விதையின் தோல் கடினமானது. அப்படியே போட்டால் முளைப்பு குறையும். மணலோடு சேர்த்துத் தேய்க்கலாம். அல்லது, கொதித்து இறக்கிய தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, அதில் ஒரு ராத்திரி ஊறவைக்கலாம்.
* புரட்டாசி, ஐப்பசி மழையை ஒட்டி நேரடியாக விதைத்தால், வேர் பிடித்துக்கொள்ளும்.
* ஆடு மாடுகள் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை என்பதால் காவல் வேலை குறைவு.
* பறிக்கும்போது கொஞ்சம் பூவைச் செடியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

ஆவாரை பயறு, அவரைக் குடும்பத்துச் செடிதான். ஆனால், உளுந்து, தட்டைப்பயறு போல வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த இனச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த முடிச்சு கிடையாது. தழையை வெட்டி வயலில் மிதித்தால் பசுந்தாள் உரமாகும்.

பூவில் தேனும் இல்லை, மகரந்தம்தான் உண்டு. அதுவும் சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிர வைத்தால்தான் கொட்டும். வண்டு வந்தால்தான் காய், காய் இருந்தால்தான் விதை. அதனால் பூச்சிமருந்தைத் தள்ளியே வைப்பது நல்லது.

மாத்திரையை நிறுத்தாதீங்க!

சர்க்கரைக்குச் சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் உண்டு. இந்தப் பூச்சாறு எலிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால், எலிக்குக் கண்டது மனிதருக்கு மருந்துச் சீட்டு ஆகாது. பூ டீ குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை எகிறலாம். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால், அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு.

இன்னொரு எச்சரிக்கை: நிலாவாரை வேறு, ஆவாரை வேறு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிராகி வெளிநாடு போகும் நிலாவாரையின் இலை பேதி மருந்து. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பொடி வாங்கும்போது மாறிவிடும். பூவாகவே வாங்கினால் இந்தக் குழப்பம் இல்லை. வீட்டு வேலியில் பறித்த பூ என்றால் புகை பற்றிய கவலையும் இல்லை.

இந்த ஐப்பசிக்கு ஒரு கைப்பிடி விதை போதும்.