இரண்டாவது படிப்புக்கு ஏன் இந்த முட்டுக்கட்டை?

திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் கோயில் குளத்தை அடுத்த தெருக்களில் பிழைப்புக்காக வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவர்கள், பாத்திரக் கடையில் நிற்கிறவர்கள், தையல் மெஷின் மிதிக்கிறவர்கள், ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள் என்று அவர்கள் பலதரப்பட்டவர்கள். அவர்களுக்கு நிலமோ கடையோ இல்லை. இருக்கிற ஒரே சொத்து பிள்ளைகளின் படிப்புதான். அந்தப் படிப்பு ஒரு தடவை தடம் மாறிவிட்டால் மறுபடி சரியான தடத்துக்கு வர உதவித்தொகை உண்டா, வட்டிச் சலுகை உண்டா என்ற கேள்வி இந்த வீடுகளில் இப்போது அடிக்கடி எழுகிறது.

நெல்லைச் சீமையிலிருந்து வந்து 20 ஆண்டுக்கு மேலாக இங்கே கடைச் சிப்பந்தியாக இருக்கும் ஒருவரின் மகளை எடுத்துக்கொள்வோம். சாலையில் உள்ள அரசு தமிழ்ப் பள்ளியில் படித்த பெண். பிளஸ் டூ முடித்தபோது நர்சிங் படிக்கத்தான் ஆசை. அரசு இடம் கிடைக்கவில்லை. சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியும் இல்லை. 'சும்மா இருப்பதற்கு ஏதாவது ஒரு பட்டம்' என்று பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தாள், முடித்தாள். பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை. அங்கே நர்சுகளுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பதைக் கண்ணால் பார்த்தாள். இப்போது பி.எஸ்ஸி. நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு 4 ஆண்டு. தகப்பனார் பாங்கிப் படியேறினார். "கடன் தரலாம் அண்ணாச்சி, வட்டிச் சலுகை மட்டும் கிடைக்காது. பொண்ணு ஏற்கெனவே டிகிரி முடிச்சிட்டாளே" என்று பதில் வந்தது.

பாங்கிக்காரர் சொன்னது பொய்யல்ல. விதி அப்படித்தான் இருக்கிறது. விதி சரியா என்பதுதான் கேள்வி.

ஒரே ஒரு தடவை

தொழிற்படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கும் ஏழை மாணவர்களுக்காக மத்திய சர்க்கார் 2009-10 கல்வியாண்டில் வட்டி மானியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் கொடுக்கப்படும் தவணைக் காலத்துக்கும் உரிய வட்டியைச் சர்க்காரே ஏற்கும். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற நர்சிங் படிப்புக்கும் இது உண்டு. நல்ல திட்டம்; சந்தேகமில்லை. ஆனால் சலுகை ஒரே ஒரு தடவைதான் என்றும், அதுவும் முதல் இளநிலைப் பட்டத்துக்கு அல்லது முதுநிலைப் படிப்புக்கு என்றும் அதில் ஒரு நிபந்தனை உண்டு.

ஒரு தடவைதான் என்பதில் நியாயம் இருக்கிறது. பொதுப்பணம் எல்லோருக்கும் எட்ட வேண்டும். ஆனால் மேலே சொன்ன பெண் முதல் பட்டத்துக்குக் கடனும் வாங்கவில்லை, மானியமும் வாங்கவில்லை. தகப்பனார் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய படிப்பு அது. சர்க்காரிடமிருந்து ஒரு தடவைகூடப் பெறாதவளை, இரண்டாவது தடவை கேட்கிறவள் என்று கணக்கில் எழுதுவது எந்த நியாயம்? சிக்கனமாகக் குடும்பம் நடத்தியதற்கு அபராதம் போடுவது போல அல்லவா ஆகிறது?

இந்த அபராதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 ஆண்டில் 4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலம் 4 ஆண்டு, அதன்பின் தவணை 1 ஆண்டு. முதல் லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 3, நான்காவதற்கு 2. ஆக 14 ஆண்டு வட்டி, 1,40,000 ரூபாய். வேலைக்குச் சேருமுன்பே இந்தச் சுமை தலையில் ஏறிவிடும். பிளஸ் டூ முடித்ததும் இதே நர்சிங்கில் சேர்ந்திருந்தால் இதில் ஒரு பைசாகூட அவள் கட்ட வேண்டியதில்லை.

விதியைப் பாதி படிப்பவர்கள்

அட்டவணை வகுப்பு மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையின் கதை வேறு. 1944ல் தொடங்கிய பழைய திட்டம் இது. ஒரு படியைத் தேறியபின் அதே படியில் வேறு பாடம் படிப்பவருக்கு உதவித்தொகை இல்லை என்று அதன் விதிப்புத்தகம் நெடுங்காலம் சொல்லி வந்தது. பி.ஏ. முடித்துவிட்டு பி.காம். சேர்ந்தால் கிடையாது. பல ஆபீஸ்களில் இந்த ஒரு வரியைக் காட்டித்தான் மனுவைத் திருப்பி விடுகிறார்கள்.

ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கலை, அறிவியல், வணிகப் பட்டப் படிப்பை முடித்தபின் அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்பில் சேருகிறவர், மற்றத் தகுதிகள் இருந்தால் உதவித்தொகை பெறலாம் என்பது அந்த வரி. ஒரு தொழிற்படிப்பை முடித்து இன்னொரு தொழிற்படிப்புக்குப் போகக் கூடாது என்று முதலில் இருந்ததும் பின்னர் தளர்த்தப்பட்டது. 1980-81 கல்வியாண்டு முதல் இரண்டு தொழிற்படிப்புகளுக்கு அனுமதி உண்டு என்று சேர்த்தார்கள். ஆக, இரண்டாவது படிப்புக்கு உதவுவது நாட்டில் இல்லாத புதுமை அல்ல. நாற்பது ஆண்டுக்கு முன்பே ஒரு திட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நியாயம் அது.

டிப்ளமா படித்துவிட்டுப் பட்டத்துக்குப் போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜெனரல் நர்சிங் டிப்ளமா முடித்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங் சேருவதும், டி.பார்ம். முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேருவதும் அடுத்த படிக்கு ஏறுவதே தவிர, அதே படியில் நிற்பது அல்ல. 'ஏற்கெனவே ஒரு கோர்ஸ் முடித்துவிட்டாயே' என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வந்துவிடக் கூடாது. மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். 2021ல் இந்த உதவித்தொகைத் திட்டம் மாற்றியமைக்கப்பட்டு, மத்திய சர்க்கார் 60, மாநிலம் 40 என்று செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தது. ஆகவே சேருகிற ஆண்டின் விதி எதுவோ அதைக் கேட்டுப் படித்துப் பார்த்தே மனு எழுத வேண்டும்.

இரண்டு பக்கமும் இடி

வெளி மாநிலத் தமிழர்களுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை இருக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தக் கதைதான்.

1956 நவம்பர் 1க்கு முன்பு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலம். அன்று முதல் நடுவில் கோடு விழுந்தது. ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிற அந்தக் கோடு சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கடக்க முடியாததாக நிற்கிறது. கேரள சர்க்காரின் கட்டணச் சலுகைகள் கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை வைத்தே வகுக்கப்பட்டவை. தமிழ்நாட்டுச் சலுகைகளோ அங்கே படித்தவர்களுக்கு. மருத்துவப் படிப்பில் 2020ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும், 2022ல் வந்த மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 6ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. சாலைப் பள்ளியில் தமிழ் படித்த பிள்ளை அந்தக் கணக்கில் வராது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தமிழ்நாடு தரும் கட்டணச் சலுகையை நாடினாலோ, குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்கிறார். அந்தப் பெண்ணேதான் அது!

ஜாதிச் சான்றிதழ் விஷயத்தில் 1990ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கிறது. ஆந்திரத்தில் பழங்குடி என்று அங்கீகரிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, சிறுவயதில் தகப்பனாரோடு பம்பாய்க்குக் குடிவந்த மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டுத் தொடுத்த வழக்கு, மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஒரு மாநிலத்தில் அட்டவணையில் உள்ளவர் வேறு மாநிலம் போனால் அந்த உரிமை கூடவே வராது என்று கோர்ட் சொல்லிவிட்டது. உதவித்தொகையும் மாணவர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலமே தர வேண்டும் என்பதுதான் விதி. அப்படியானால் கேரளத்தில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர் தமிழ்நாட்டிடம்தான் கேட்க வேண்டும். அங்கே போனால் ரேஷன் கார்டு எங்கே, வாக்காளர் அட்டை எங்கே என்று கேள்வி வரும். இரண்டும் திருவனந்தபுரத்தில் இருக்கும். இங்கே வில்லேஜ் ஆபீசில் கேட்டால் பூர்வீகம் எது என்பார்கள். அது திருநெல்வேலியில் இருக்கும். நடுவில் நிற்கிற பிள்ளைக்குச் சேர்க்கைத் தேதி முடிந்துபோகும்.

எதிர்வாதமும் உண்டு

ஒரு பட்டம்கூடக் காணாத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, இரண்டாவது பட்டத்துக்குப் பணம் கொடுப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியானதே. பந்தியில் ஒருவர் இலைக்கே இரண்டு தடவை பரிமாறினால் கடைசி இலைக்குச் சோறு இராது. உதவித்தொகைக்காகவே கோர்ஸ் மாறி மாறிச் சேர்ந்து ஹாஸ்டலில் காலம் தள்ளுகிறவர்களும் இல்லாமல் இல்லை.

ஆனால் மருத்துவத் துணைப் படிப்புகளை மற்றப் படிப்புகளோடு ஒரே தராசில் வைக்க முடியாது. நர்ஸ், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் இவர்கள் படித்து வெளியே வந்தால் பயன் அவர்களுக்கு மட்டுமல்ல. வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் உண்டு. தவிர, சட்டமே தகுதியை உயர்த்திக்கொண்டு போகிறது. 2021ல் வந்த துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்சார் ஆணையச் சட்டம், துணை மருத்துவப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, சுகாதாரத் தொழில் வல்லுநர் என்றால் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப் படிப்பு என்று வரையறுத்திருக்கிறது. தகுதியை உயர்த்து என்று ஒரு கை சொல்லும்போது, உயர்த்திக்கொள்ளப் பணம் கிடையாது என்று இன்னொரு கை தடுப்பது பொருந்தவில்லை.

இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு பட்டம் பெற்றவருக்கு அதே நிலையில் இன்னொரு பட்டத்துக்கு அரசின் கல்விக் கடன் கிடையாது என்பதுதான் பொது விதி. ஆனால் 2017 ஆகஸ்டு முதல் நர்சிங், மகப்பேறு, துணை மருத்துவப் படிப்புகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 2020 முதல் அந்த மாணவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 பவுன், திருப்பிக் கட்ட வேண்டாத உதவியாகவும் கொடுக்கத் தொடங்கினார்கள். தருமத்துக்காகச் செய்ததல்ல, ஆள் பற்றாக்குறைக்காகச் செய்தது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட அவர்கள் கேரளத்து நர்சுகளையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போகிறவர்களின் இடத்தை நிரப்ப இங்கே தயாராக நிற்கும் பெண்ணிடம் மட்டும், 'நீ ஏற்கெனவே வேதியியல் படித்துவிட்டாய்' என்று சொல்கிறோம்.

செய்ய வேண்டியவை

பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதையும் சர்க்கார் செய்ய வேண்டியதில்லை. முதலாவதாக, வட்டி மானியம் ஒரு தடவைதான் என்பதை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் 'முதல் பட்டத்துக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'முன்பு இந்த மானியம் பெறாதவருக்கு' என்று மாற்றட்டும். இரண்டாவதாக, மருத்துவத் துணைப் படிப்புக்கு மட்டும் இந்த விலக்கு என்று வரம்பு கட்டட்டும். மூன்றாவதாக, முதல் பட்டம் படிப்பவர்களுக்குக் கொடுத்தது போக இவர்களுக்குக் கொடுக்கட்டும்; அரசு ஆஸ்பத்திரியில் சில ஆண்டு வேலை பார்ப்பேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும். கையெழுத்துப் போட யாரும் தயங்கமாட்டார்கள். நான்காவதாக, எல்லை தாண்டி வாழும் பிள்ளைகளின் சான்றிதழ் விஷயத்தில் இரு மாநில அதிகாரிகளும் கலந்து பேசி, எந்த ஆபீஸ் எந்தக் காகிதம் கொடுக்க வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டட்டும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்துவது போல, சேர்க்கை மாதங்களில் ஞாயிறுதோறும் இரண்டு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கலாம். 1969ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில சர்க்காருக்குத் தமிழிலேயே எழுத உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் எத்தனை பேர்?

அந்த ஸ்ரீவராகம் வீட்டில் தாயாரின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்விட்டன. முதல் தவணைக் கட்டணம் கட்டியாகிவிட்டது. இரண்டாம் ஆண்டுக்கு என்ன செய்வது என்று தகப்பனாருக்குத் தெரியாது. நாளை எந்த வார்டில் யார் படுத்திருந்தாலும், மருந்து கொடுக்க வரும் நர்ஸ் முதல் பட்டத்தில் நர்சிங் படித்தாளா, இரண்டாவது பட்டத்தில் படித்தாளா என்று எந்த நோயாளியும் கேட்கப் போவதில்லை. சர்க்கார் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?