மயானத்துக்கும் எல்லைக்கல் வேண்டும்

தேயிலைப் பயிர்ச்செய்கையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 1892 மே 2ஆம் திகதி லூல்கந்துர தோட்டத்தில் இறந்தார். அவரது உடலை மலைப்பாதை வழியே கண்டிவரை ஆட்கள் மாறி மாறிச் சுமந்தார்கள். "சாமித் தொரை" என்று அழுதபடி பின்னால் நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். மஹியாவ மயானத்தில் அவருக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. வெளிநாட்டவர் இன்றும் தேடிப் போகிறார்கள். அதில் நமக்குக் கோபம் இல்லை. பின்னால் நடந்தவர்களின் கல்லறைகள் எங்கே?

தேயிலைத் தூருக்கு அடியில் நம் பாட்டன் கிடக்கிறான் என்று மே தின மேடையில் நாமும்தான் பேசுகிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் பாட்டனைப் புதைத்த தோட்ட மயானத்துக்கு வேலி கேட்டு எத்தனை கடிதம் எழுதினோம்?

பெரும்பாலும் மண்மேடுதான் அங்கே அடையாளம். சில மழையில் அது அமுங்கிவிடும், மேலே மானாப்புல் ஏறிவிடும். ஹெந்தளை, வத்தளைப் பக்கம் வேலைக்கு வந்துவிட்ட பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் போனால், இடத்தைக் காட்ட லயத்தில் ஒரு கிழவர் மிஞ்சியிருந்தால் உண்டு.

"உயிரோடு இருப்பவனுக்கே 7 பேர்ச் காணி இல்லை, செத்தவனுக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். காகிதம் இல்லாமல் லட்சக்கணக்கானோர் நாடற்றவரானோம். பரம்பரை பரம்பரையாக இந்த மண்ணில் இருந்தோம் என்பதற்கு மயானத்தைவிடப் பழைய சாட்சி நம்மிடம் என்ன இருக்கிறது? காணி கேட்கும்போது அதையும் காட்ட வேண்டாமா?

1992 முதல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம். மறுநடுகைக்கோ வேறு பயிருக்கோ நிலம் தேடும்போது, வரைபடத்தில் குறிக்காத மயானம் வெறும் புல்லுக்காடாகத்தான் தெரியும். முன்பெல்லாம் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்று பிரதேச சபைகள் கைவிரித்தன. 2018இல் அந்தச் சட்டமும் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாக்குச் செல்லாது.

லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டப் பகுதியில்தான் முல்லோயா தோட்டமும். அங்கே 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டுக் கொன்ற கோவிந்தனின் பெயர் நமக்கு மனப்பாடம். தொழிற்சங்கங்கள் விடாமல் சொல்லி வந்ததால்தான் அது நிலைத்தது. மற்றவர்களின் பெயர்களை இறப்புப் பதிவுகளிலும் வீட்டுப் பெரியவர்களின் நினைவிலும்தான் தேட வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன், தோட்டத் தலைவர்மார் வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மயானத்தின் நான்கு மூலையும் நடந்து பாருங்கள். தெரிந்த பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எல்லை அளந்து வரைபடத்தில் சேர்க்கக் கேட்டுத் துரைக்கு ஒரு கடிதம், பிரதேச சபைக்கு ஒரு பிரதி, சங்கக் காரியாலயத்துக்கு ஒரு பிரதி.