ஸ்நாக் - சாப்பிடுற ஸ்நாக்ஸ் இல்லீங்கோ :-)

ஹாரி பாட்டர் ஆறாவது புத்தகம் (2005) படிச்சவங்களுக்கு இந்த வார்த்தை ஞாபகம் இருக்கும். ரான் வீஸ்லியும் லாவண்டரும் ஹாக்வார்ட்ஸ்ல நேரங்காலம் இல்லாம பண்ணிக்கிட்டு இருப்பாங்களே, அதேதான். பிரிட்டிஷ்காரங்க பேச்சு வழக்கு. 'முத்தமிடுதல்'னு ஒத்தை வார்த்தையில அர்த்தம் சொன்னா பத்தாது. பாட்டி பேரன் கன்னத்துல கொடுக்கறது ஸ்நாக் கிடையாது. ரெண்டு பேர் கட்டிப்புடிச்சு, சுத்தி யார் இருக்காங்கன்னு மறந்து, சாவகாசமா கொடுத்துக்கறதுதான் ஸ்நாக்.

சரி, எங்கேருந்து வந்துச்சு? 1940கள்லதான் எழுத்துல தலைகாட்டுது. அதுக்கு முன்னாடி? மூலம் தெரியவில்லைன்னு கையை விரிச்சிடுது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. கதகதப்பா அடக்கமா இருக்கறதைச் சொல்ற 'ஸ்நக்'குக்குச் சொந்தமா இருக்கலாம்னு ஒரு யூகம் உண்டு, அவ்ளோதான். இதோட பங்காளி 'ஸ்மூச்'சுக்கு இந்தத் தலைவலி இல்ல. 1500கள்லயே 'ஸ்மவுச்'னு ஒரு பழைய வடிவம் கிடைக்குது. சத்தத்துலேருந்தே பொறந்த வார்த்தைன்னு சொல்றாங்க, நம்ம 'இச்', 'உம்மா' மாதிரி.

எனக்கு என்னவோ அந்த 'தெரியவில்லை' ரொம்பப் புடிச்சிருக்கு. இதே வார்த்தை நம்மாளுங்க கையில கிடைச்சா விடுவாங்களா? 'சிணுங்கு'தான் கப்பலேறிப் போய் 'ஸ்நாக்' ஆச்சுன்னு நானே இப்போ அவுத்து விடலாம். ஒலி பொருந்துது, அர்த்தமும் (கொஞ்சம் வெக்கத்தோட) பொருந்துது. நாளைக்கே நாலு பேர் 'தமிழன்டா'ன்னு ஃபார்வர்டு பண்ணுவாங்க. ஆனா சிணுங்கல் லண்டனுக்குப் போன வழி? யாரு கொண்டு போனது? எந்தப் புஸ்தகத்துல இருக்கு? ஒண்ணுமே இல்லையே சாமி.

கட்டுமரத்துக்கு அந்த வழி இருக்கு. நம்ம கடற்கரைக்கு வந்த ஐரோப்பியக் கப்பல்காரங்க பாத்து எழுதி வச்சிருக்காங்க, 1600கள்லயே 'கேட்டமரான்' இங்கிலீஷ்ல வந்தாச்சு. மிளகுத்தண்ணி 'முல்லிகடானி' சூப் ஆனதும், சுருட்டு 'செரூட்' ஆனதும் இதே மாதிரி ஆதாரத்தோட இருக்கு. சிணுங்கலையும் இதே லிஸ்ட்ல சொருகினா என்ன ஆகும்? படிக்கிற வெளியாள் முழு லிஸ்ட்டையும் சிரிச்சுக்கிட்டே மூடி வச்சிடுவான். கட்டுமரமும் அதோட சேந்து முங்கிடும்.