குடும்ப மருத்துவர் வார்டில் உருவாவதில்லை

‘நெஞ்சுல வாய்வு பிடிச்சிருக்கு’ என்று ஐம்பது வயதுப் பெண் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி வருபவர்களில் பெரும்பாலானோருக்கு அது வாயுத் தொல்லையாகவோ, புளிச்ச ஏப்பமாகவோ, தண்ணீர்க்குடம் தூக்கியதில் பிடித்துக்கொண்ட சதையாகவோதான் இருக்கும். யாரோ ஒருவருக்கு மாரடைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு அது வலியே தெரியாமல் வெறும் அசதியாகவும் வியர்வையாகவும் வரலாம் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து ‘வாய்வு’ என்று வந்த பத்துப் பேரில் யாரை இசிஜி எடுக்க அனுப்புவது, யாருக்கு மாத்திரை கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொல்வது என்பது புத்தகத்தில் இல்லை. மருத்துவக் கல்லூரி வார்டிலும் இல்லை. அங்கே கட்டிலில் படுத்திருப்பவர் ஏற்கெனவே யாரோ சலித்து அனுப்பியவர். அந்தச் சலிக்கும் வேலைதான் குடும்ப மருத்துவரின் தொழில். அதை அந்த வேலை நடக்கும் இடத்திலேயே கற்பிக்காமல், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் துறைகளைச் சுற்றிக் காட்டிக் குடும்ப மருத்துவரை உருவாக்கிவிடலாம் என்று நம் மருத்துவக் கல்வி இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது.

இது இன்று நேற்று தெரியவந்த விஷயமல்ல. 1961-இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது சகாக்களும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1,000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்பு சரியில்லாமல் போகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். ஒரே ஒருவர்தான் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறார். மருத்துவ மாணவர் படித்துத் தேறுவது அந்த ஒருவரைப் பார்த்து. பிறகு அவர் வாழ்நாள் முழுக்க வைத்தியம் பார்க்கப்போவது மற்ற 249 பேருக்கு. இதனால் வரும் கோளாறு வெறும் அனுபவக் குறைவு அல்ல, கணக்கே மாறிவிடுகிறது. நோயுள்ளவரில் 95 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கும், நோயில்லாதவரில் 95 சதவீதம் பேரைச் சரியாக விலக்கும் நல்ல பரிசோதனை ஒன்று இருக்கிறது என்போம். பாதிப் பேருக்கு அந்த நோய் இருக்கும் வார்டில், ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் 95 சதவீதம் நம்பலாம். நூற்றில் ஒருவருக்கு மட்டுமே அந்த நோய் இருக்கும் ஊர் கிளினிக்கில் அதே ‘பாசிட்டிவ்’ வந்தவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய் இருக்கும். வார்டில் பழகியவர் கிளினிக்கில் உட்கார்ந்து, தலைவலிக்கெல்லாம் ஸ்கேன் எழுதுவது காசு ஆசையால் மட்டும் அல்ல. அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

அடுத்தது, தொடர்ந்து பார்ப்பது. ஓர் அம்மா கொண்டுவரும் மஞ்சப்பையை நினைத்துப் பாருங்கள். அதில் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், கால் வீக்கத்துக்கு இன்னொரு மருத்துவர் எழுதிய நீர் மாத்திரை, மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவர் கொடுத்த டைக்ளோஃபெனாக், போதாததற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை இன்னொன்று. எழுதியவர்கள் யாரும் தவறாக எழுதவில்லை. ஆனால் இந்த மூன்று வகையும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகும் அபாயம் இருக்கிறது. பையைக் கொட்டி மொத்தத்தையும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரே ஆளாகப் பல ஆண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே நல்ல உதாரணம். அங்கே கிட்டத்தட்ட எல்லாக் குடிமக்களுக்கும் பெயர் குறித்த ஒரு மருத்துவர் உண்டு. ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களின் இறப்பு விகிதம், ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு என்று 2022-இல் வெளிவந்த அந்நாட்டு ஆய்வு சொல்கிறது. ஒருவரிடமே நிலைத்திருப்பவர்கள் வேறு வகையிலும் நிதானமான வாழ்க்கை வாழ்பவர்களாக இருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் பல நாடுகளின் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், 18 ஆய்வுகள் இதே திசையைத்தான் காட்டின.

‘அதற்குத்தான் சமூக மருத்துவத் துறை இருக்கிறதே, மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டமும் வந்துவிட்டதே’ என்பார்கள். சமூக மருத்துவம் ஊரைப் பார்க்கிறது; எந்தத் தெருவில் டெங்கு, எத்தனை குழந்தைக்குத் தடுப்பூசி என்பது அதன் கேள்வி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை முழுசாகப் பார்ப்பது வேறு வித்தை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் கதவருகே நின்று ‘இன்னொண்ணு டாக்டர்...’ என்று இழுப்பார். வந்த காரணமே பெரும்பாலும் அதுதான். அதற்குக் காது கொடுக்கவும் பழக்க வேண்டும். இந்தப் பாடம் எம்.பி.பி.எஸ். படிப்பில் தனித் தேர்வாக இல்லை. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. குடும்ப மருத்துவம் வந்து பத்தாண்டுக்கு மேலாகியும், நாட்டின் பெரும்பாலான மருத்துவ மாணவர்கள் குடும்ப மருத்துவ ஆசிரியர் ஒருவரைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், நேரம் பற்றியது. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வந்த ஆய்வில், மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம், இந்தியாவில் இரண்டு நிமிடத்தை ஒட்டி. வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது எந்தப் பயிற்சியும் எடுபடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வரிசை ஏன் அவ்வளவு நீளம்? பிரஷர் மாத்திரை வாங்க மட்டும் வருபவரும், உண்மையில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவரும் ஒரே வரிசையில் நிற்பதும் ஒரு காரணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதனால் மிச்சமாகும் நிமிடங்கள் மருத்துவர் கைக்கு வர வேண்டும்.

‘தெருமுனை டாக்டர்கள் எந்த எம்.டி.யும் படிக்காமல் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கவில்லையா?’ என்பதும் பழகிய வாதம்தான். வாங்கினார்கள். ஆனால் முதல் பத்தாண்டில் அவர்கள் கற்றுக்கொண்டது யார் உடம்பில்? பிரிட்டனில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் நேராகக் குடும்ப மருத்துவராக முடியாது. தனியாக மூன்றாண்டுப் பயிற்சி கட்டாயம், அதில் கணிசமான பகுதி கிளினிக்கிலேயே. இங்கே நடப்பது நேர்மாறு. தமிழக அரசுக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. போராடிப் பெற்ற நல்ல ஏற்பாடு அது. கிராமத்துக்கு மருத்துவர் வந்ததே அதனால்தான். ஆனால் ஊரின் உடம்பு கொஞ்சம் பிடிபட்ட நேரத்தில் அவர் கதிரியக்கவியலோ தோல் மருத்துவமோ படிக்கப் போய்விடுகிறார். அந்த நாற்காலிக்கு மறுபடியும் ஒரு புதியவர் வருகிறார்.

ஆகவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் ஒரு பங்கு குடும்ப மருத்துவத்துக்கு என்று தனியே குறிக்கப்பட வேண்டும். சேர்பவர் பயிற்சியில் பாதியையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதே குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தபடி, மூத்த குடும்ப மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் கழிக்க வேண்டும்; முடித்தபின் அங்கேயே தங்க விரும்பினால் நிபுணருக்கு உண்டான ஊதியமும் பதவி உயர்வும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பட்டத்தை மட்டும் தொடங்கினால், அது இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணையாகிவிடும். தேர்வு முறையும் இதோடு மாற வேண்டும். அரிதான இதய முணுமுணுப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வதற்குப் பதிலாக, அந்த மஞ்சப்பையை மேசைமேல் கொட்டி, இதில் முதலில் எதை நிறுத்துவீர்கள், அதை அந்த அம்மாவிடமும் எலும்பு மருத்துவரிடமும் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கலாம்.