குதிரைத்திறன் போட்டியில் கரையும் பங்கு

திருத்தணி வழியே திருப்பதி சாலையில் பாரம் இழுத்துச் செல்லும் லாரிகளுக்கும், காசிமேட்டிலிருந்து புறப்படும் விசைப்படகுகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. லாரிக்கென உருவான டீசல் இன்ஜினின் கடல் வடிவமே பல படகுகளில் ஓடுகிறது. அந்த இன்ஜின்களின் குதிரைத்திறனை உயர்த்தும் போட்டி இன்று மீனவர்களைப் பிளவுபடுத்தும் பிரச்னையாகிவிட்டது.

24 மீட்டருக்கும் 240 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகளை 2020-இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் அனுமதிப்பதில்லை. ஆயினும் அதிவேக இன்ஜின்கள் பற்றிய புகார்கள் ஓயவில்லை. சீன இன்ஜின்களுக்கு எதிராகக் காசிமேட்டில் போராட்டமே நடந்தது. ஆந்திரக் கடலில் நம் படகுகள் சிறைபிடிக்கப்படும்போதும் இதே குற்றச்சாட்டு எழுகிறது.

இதன் பொறியியலைச் சற்றுப் பார்க்க வேண்டும். லாரி இன்ஜின் ஏற்றத்தில் உழைக்கும், இறக்கத்தில் இளைப்பாறும். படகு இன்ஜினுக்கு இறக்கமே கிடையாது. மணிக்கணக்கில் ஒரே பாரத்தைத் தள்ள வேண்டும். இன்ஜினின் மூச்சுக்குழல் போன்றவை வால்வுகள். அவற்றைக் கேம்ஷாஃப்ட் திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தளர்த்திச் சுழற்சியை 20 விழுக்காடு கூட்டினால், வால்வை இயக்கும் பாகங்களின் நிலைம விசை 44 விழுக்காடு கூடும். பழைய ஸ்பிரிங்கால் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் போகலாம். உரிய நேரத்தில் மூடாத வால்வைப் பிஸ்டன் தாக்கினால், நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிடும். சுழற்சியைக் கூட்டாமல் எரிபொருளை மட்டும் மிகுதியாகச் செலுத்தினாலோ, வெப்பம் தாங்காமல் புகைபோக்கி வால்வு கருகும். புகைக்குழாயின் அமைப்பு சரியில்லையெனில் உப்புநீர் உட்புகுந்து வால்வையும் அதன் இருக்கையையும் அரிக்கும்.

இவ்வளவு இடருக்கும் கிடைக்கும் பலன் சிறிதே. படகின் வேகத்தை 8 கடல் மைலிலிருந்து 10 ஆக்க, ஏறக்குறைய இரு மடங்கு திறன் தேவை. டீசல் செலவும் அதற்கேற்ப ஏறும்.

அப்படியிருந்தும் உரிமையாளர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? பொதுச் சொத்தான மீன்வளத்தில் தனிமனிதர்களின் போட்டி மொத்த லாபத்தையே கரைத்துவிடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஸ்காட் கார்டன் 1954-இலேயே விளக்கினார். ஒரு படகு மட்டும் வேகம் கூட்டினால் அதற்கு ஆதாயம். எல்லாப் படகுகளும் கூட்டினால் செலவுதான் பெருகும், மீன் பெருகாது.

அந்தச் செலவை யார் சுமப்பது என்பதே என் கவலை. பங்கு முறையில், டீசல், ஐஸ் போன்ற செலவுகளைக் கழித்த பிறகே தொழிலாளியின் பங்கு கணக்கிடப்படுகிறது. குதிரைத்திறனைத் தீர்மானிப்பவர் உரிமையாளர். அதன் டீசலுக்குத் தம் பங்கை இழப்பவர் வலை இழுக்கும் தொழிலாளி. பாக் நீரிணையிலோ, பழுதான இன்ஜினோடு எல்லை தாண்டி மிதந்து சென்றால் இலங்கைச் சிறையையும் அவரே காண நேரிடும்.

ஆழ்கடலுக்குப் போக வலிமையான இன்ஜின் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக, தலா 80 லட்சம் ரூபாயில் சூரை மீன்பிடிப் படகுகள் வழங்கும் திட்டம் 2017-இல் தொடங்கியதும் ஆழ்கடலை நோக்கித்தான். ஆனால் ஆழ்கடல் கேட்பது தாக்குப்பிடிக்கும் ஆற்றலை. பந்தய வேகத்தை அல்ல. தொடர்ந்து உழைப்பதற்கென்றே வடிவமைத்த கடல் இன்ஜினும், உதிரிபாகமும், பயின்ற மெக்கானிக்கும் அதற்குத் தேவை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் ஆய்வு செய்யப்படுகின்றன. பெயர்ப்பலகையில் எழுதியுள்ள குதிரைத்திறனை மட்டும் நம்பாமல், கவர்னரின் முத்திரை, உண்மையான சுழற்சி வேகம், எரிபொருள் பம்பின் அமைப்பு ஆகியவற்றையும் அப்போது சோதிக்க வேண்டும். சென்னையில் பிரிவு கொண்டுள்ள மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட், துறைமுக மெக்கானிக்குகளுக்குக் குறுகிய காலப் பயிற்சி தரலாம். வரிவிலக்கு டீசலை, விதிக்கு உட்பட்ட இன்ஜின்களுக்கு மட்டுமே வழங்கலாம்.

ஒருவரை மட்டும் தண்டித்தால் பகை வளரும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றால் போட்டி தணியும். அந்த அளவுகோல் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அதை இன்ஜின் அறைக்குள் இறங்கி அளந்து பார்ப்பதுதான் பாக்கி.