மாணாக்கர் மதுவும் மூத்தோர் பொறுப்பும்

கலியாண வீட்டுக் கோடிப்புறத்திலோ, துடுப்பாட்டப் போட்டி முடிந்த மாலைப்பொழுதிலோ, பதினாறு பிராய மாணாக்கன் ஒருவன் மதுவருந்தக் காணின் அவனை வைவோர் பலர். அவனருகே நின்ற பெரியோரின் பொறுப்பு யாதென வினவுவோர் மிகச் சிலரே. யூபிலி கண்டு மகிழும் இவ்வேளையில், பழைய மாணவராகிய நாம் அவ்வினாவை நம்மை நோக்கியே எழுப்புதல் தகும்.

அப்பெரியோர் மூவகையர்: மதுவைக் கொடுத்தவர், குடிப்பதற்கு இடங்கொடுத்தவர், கண்டும் வாளாவிருந்தவர். இம்மூவரையும் ஒரே கோலால் அளத்தல் நீதியன்று.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதவர்க்கு மதுசாரம் விற்றலைத் தடுத்தது. 1989இல் பராய வயது 18 ஆகக் குறைக்கப்பட்டிருந்தும், மதுவின் பொருட்டு 21 என வகுத்தமை கருதத்தக்கது. ஆயினும் அத்தடை விற்போனை நோக்கியது. மாமன் முறைப்படி வாங்கிய போத்தலை மருமகனுக்கு வார்க்குங்கால் அங்கே விற்பனை நிகழ்வதில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டமோ, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அவன் உடல்நலங் கெடும் வண்ணம் வேண்டுமென்றே புறக்கணிப்பதைக் குற்றமென்கிறது. ‘பொறுப்பு’ என்ற சொல்லே இங்கு உயிர்நாடி.

பிறநாட்டார் இதனை அணுகிய முறையும் அறியத்தக்கது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், 21 வயது நிரம்பாதவர்க்கு மதுவைக் கொடுத்தல் மட்டுமன்றி, தம் ஆளுகைக்குட்பட்ட இடத்தில் அவர் அதனை வைத்திருக்க அறிந்தே விடுதலும் குற்றமாகும். தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதற்கு விலக்கு. எனினும், விருந்தினர் தாமே கொணர்ந்த மதுவால் நேர்ந்த தீங்குக்கு இடங்கொடுத்தவர் நட்டஈடு செலுத்தக் கடவரல்லர் என அம்மாநில அதியுயர் நீதிமன்றம் 2012இல் தீர்த்தது.

எமது கருத்து இது: பிறர் பிள்ளைக்கு மதுவைக் கொடுத்தவரும், தடுக்க வல்லவராயிருந்தும் அறிந்தே இடங்கொடுத்தவரும் சட்டத்தின்முன் நிற்றல் வேண்டும். வாளாவிருந்தவரைச் சிறைக்கனுப்புதல் வேண்டா. அங்ஙனஞ் செய்யின், மயங்கி வீழ்ந்த பையனை வாந்தி மூச்சடைக்கும் நிலையில் விட்டு, வழக்குக்கு அஞ்சி யாவரும் ஓடிவிடுவர். அவனை ஒருக்களித்துக் கிடத்தி, 1990 இலக்கத்தில் நோயாளர் காவுவண்டியை அழைப்பவர்க்குச் சட்டம் அரணாதல் வேண்டும்.

“வீட்டில் பழகினால் அளவறிந்து குடிப்பான்” என்பார் உளர். தம் மகனைப் பற்றித் தந்தை அவ்வாறு வாதிடலாம். அயலான் மகனைப் பற்றி அவ்வுரிமை எவர்க்குமில்லை. பனைகள் நிறைந்த உடுவிற் பகுதியில், சுண்ணாம்பிட்ட முட்டியில் இறக்கிய கருப்பணி பிள்ளைகட்கு, புளித்த கள் வளர்ந்தோர்க்கு என வேறுபடுத்தி அறிந்தவர் நம் முன்னோர். எழுத்தறியாதாரும் காத்த அவ்வெல்லையைப் பட்டமும் பதவியும் பெற்ற நாம் அழித்தல் அழகன்று.

ஆதலின், மாணாக்கர் சமுகமளிக்கும் எவ்விழாவிலும் மது இல்லை என்பதைப் பழைய மாணவர் சங்கங்கள் தம் விதிகளுள் ஒன்றாக எழுதுக. சட்டம் திருந்தக் காலமாகலாம். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற அத்துணைக் காலம் வேண்டுவதில்லை.